டோங்டேமுன் கோட்டைவாசல் பக்கம் ரூம் போடுவது எப்படி: துணி வாங்கப் போகிறவர்களுக்கு

முதலில் முகவரியைச் சரிபாருங்கள். சியோல் நகரத்தில் டோங்டேமுன் என்ற பெயரில் மூன்று இடங்கள் உண்டு. ஒன்று, ஹங்இன்ஜிமுன் என்ற பழைய கிழக்குக் கோட்டைவாசல். அதை ஒட்டி இருப்பது டோங்டேமுன் மெட்ரோ நிலையம், 1, 4 ஆகிய லைன்கள். இரண்டாவது, அதற்கு ஒரு நிறுத்தம் தெற்கே டோங்டேமுன் வரலாறு பண்பாட்டுப் பூங்கா என்று நீளமான பெயர் கொண்ட இன்னொரு நிலையம், 2, 4, 5 லைன்கள். மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது: டோங்டேமுன்-கு என்ற மாவட்டம். பெயர் வாசலுடையது, ஆனால் வாசல் அந்த மாவட்டத்திலேயே இல்லை. அந்த மாவட்டம் கிழக்கே சோங்னியாங்னி ரயில் நிலையப் பக்கம் இருக்கிறது. புக்கிங் தளத்தில் 'டோங்டேமுன்' என்று மட்டும் அடித்து, விலை குறைவாக இருக்கிறதே என்று அங்கே ரூம் போட்டுவிட்டு, நடுராத்திரியில் மூட்டையோடு டாக்சி தேடுகிறவர்கள் உண்டு.

ஹோட்டல் முகவரியில் ஜோங்னோ-கு அல்லது ஜுங்-கு என்று இருக்க வேண்டும். பேட்டைப் பெயர் ஜோங்னோ 6-கா, சாங்சின்-டோங், உல்ஜிரோ 6-கா, குவாங்ஹி-டோங் என்று வந்தால் சரியான இடம். டோங்டேமுன்-கு என்று வந்தால் அடுத்ததைப் பாருங்கள்.

ஊருக்கு இரண்டு கடிகாரம்

இங்கே ரூம் போடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்த மார்க்கெட் இரண்டு ஷிப்டில் ஓடுகிறது என்பது. துணி, நூல், பட்டன், லேஸ், ஜிப் எல்லாம் பகல் வியாபாரம். வாசலுக்கு எதிரே, மெட்ரோவின் 9-ஆம் எண் வழியில் ஏறினால் நிற்கும் டோங்டேமுன் ஜோங்ஹாப் மார்க்கெட்தான் அதற்கு மையம். 1970-இல் திறந்தது. காலையில் திறந்து மாலை 6 மணிவாக்கில் மூடிவிடும், ஞாயிறு விடுமுறை. தைத்த உடுப்பு மொத்த வியாபாரம் இதற்கு நேர்மாறு. தெற்கே, பெரிய வெள்ளித் திமிங்கலம் படுத்திருப்பதுபோல இருக்கும் டி.டி.பி. (டோங்டேமுன் டிசைன் பிளாசா) கட்டடத்துக்குக் கிழக்கே உள்ள மொத்தக்கடை மாளிகைகள் சில இரவு 8 மணிக்குத் திறக்கும், சில நள்ளிரவுக்குத் திறக்கும், விடியற்காலை 5 மணி வரை நடக்கும். நம் ஈரோட்டுச் சந்தை வாரத்தில் ஓர் இரவு விழித்திருக்கும். இவர்கள் வாரத்துக்கு ஐந்து, ஆறு இரவு.

வார இறுதியில் இரவு மார்க்கெட் ஓய்ந்துவிடும். சனிக்கிழமை விடிந்ததும் மூடினால் பெரும்பாலானவை ஞாயிறு இரவுதான் திறக்கும். வெள்ளி இரவே மூடிவிடும் கட்டடங்களும் உண்டு. அதனால் சனிக்கிழமை போய் இறங்குவது வாடகைக்கு நஷ்டம். ஞாயிறு மதியம் ரூமில் சேர்ந்து, அன்றிரவே தெருவைச் சுற்றிப் பார்த்து, வியாழன் இரவு வேலையை முடித்து, வெள்ளி கிளம்பினால் ஒரு நாளும் வீணாகாது. சொல்லால் என்ற அவர்களுடைய புத்தாண்டும், சூசோக் என்ற அறுவடைத் திருநாளும் சந்திரக் கணக்கில் வருபவை. அந்த நாட்களில் இரண்டு மார்க்கெட்டும் அடைத்துக் கிடக்கும். ஆகஸ்ட் தொடக்கத்திலும் பல கடைக்காரர்கள் கோடை விடுமுறை விடுகிறார்கள். டிக்கெட் போடுமுன் காலண்டர் பாருங்கள்.

கொரிய நேரம் நம் நேரத்தைவிட மூன்றரை மணி முன்னால். அங்கே இரவு 1 மணி என்றால் உங்கள் உடம்புக்கு இரவு 9:30 தான். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இரவு மார்க்கெட் சிரமமே இல்லை. காலை 9 மணிக்குத் துணிக்கடையில் நிற்பதுதான் கொடுமை, ஏனென்றால் உடம்பு அப்போது விடியற்காலை 5:30 என்று நினைத்துக்கொண்டிருக்கும். முதல் இரண்டு நாள் இரவுக் கொள்முதல், பிறகு பகல் துணி என்று வைத்துக்கொள்வது நல்லது.

வாசலுக்கு எந்தப் பக்கம்?

துணி, அக்சசரி மட்டும் வாங்குகிறவர்கள் ஜோங்னோ 6-கா அல்லது சாங்சின்-டோங்கில் தங்கலாம். சாம்பிள் கட்டிங்கை ரூமில் போட்டுவிட்டு மறுபடி இறங்கிப் போக ஐந்து நிமிடம். சாங்சின்-டோங் வாசலுக்குக் கிழக்கே உள்ள மேட்டுப் பகுதி. சின்னச் சின்னத் தையல் பட்டறைகள் நிறைந்த சந்துகள். துணி ரோலைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள்கள் பகல் முழுக்க மேலும் கீழும் ஓடும். வாடகை கொஞ்சம் குறைவு. ஆனால் 'வாசலிலிருந்து 400 மீட்டர்' என்று விளம்பரத்தில் போட்டிருக்கும் 400 மீட்டர் செங்குத்து ஏற்றமாக இருக்கக்கூடும். வரைபடத்தில் மேடு பள்ளம் தெரியாது. தெருப்படத்தைத் திறந்து பார்த்துவிட்டுப் புக் செய்யுங்கள்.

இரவுக் கொள்முதல் செய்கிறவர்களுக்கு உல்ஜிரோ 6-கா, குவாங்ஹி-டோங் பக்கம்தான் சரி. மெட்ரோ நள்ளிரவோடு நின்றுவிடும். 3 மணிக்கு இரண்டு கையிலும் பை இருக்கும்போது நடந்து போகும் தூரத்தில் ரூம் இல்லாவிட்டால் டாக்சிதான். சியோல் டாக்சிக்கு முதல் 1.6 கிலோமீட்டருக்கு 4,800 வொன், இரவு 10 முதல் 4 மணி வரை கூடுதல் கட்டணம். அதிலும் 11 மணியிலிருந்து 2 மணி வரை 40 சதவீதம் ஏறும். குறுக்கே ஒரு கிலோமீட்டர் போகிற பயணியை ஏற்ற டிரைவருக்கும் மனம் வராது.

ரூம் கேட்கும் விதம்

பிசினஸ் ஹோட்டல் ரூம் பெரும்பாலும் 16 முதல் 20 சதுர மீட்டர். இரண்டு கட்டில் போட்ட ரூமில் இரண்டு பெரிய பெட்டியைத் தரையில் விரித்து வைக்க இடம் இருக்காது. சாம்பிள் பிரித்து அடுக்க வேண்டியவர்கள் இருவராகப் போனாலும் ஆளுக்கு ஒரு ரூம் போடுவதோ, மூன்று பேர் ரூமை இருவர் எடுப்பதோ மேல். 'செமி டபுள்' என்று எழுதியிருந்தால் அது ஒரு ஆள் கட்டிலைக் கொஞ்சம் அகலப்படுத்தியது. இரண்டு பேர் புரள முடியாது. 'ஓன்டோல்' ரூம் என்றால் கட்டிலே இல்லை, சூடேறும் தரையில் மெத்தை விரித்துப் படுப்பது. முதுகுக்கு ஒத்துக்கொள்கிறவர்களுக்கு அருமை, சாம்பிள் பரப்பவும் இடம் கிடைக்கும்.

வாசல் தெரியும் ரூம் வேண்டும் என்றால் எந்தத் திசையிலிருந்து என்று யோசியுங்கள். ஹங்இன்ஜிமுன்னின் சிறப்பு அதற்கு முன்னால் அரை வட்டமாக நிற்கும் ஓங்சோங் என்ற வெளிமதில். சியோலின் எட்டு வாசல்களில் இதற்கு மட்டும்தான் அது உண்டு. வளைந்து உள்ளே நுழையும் எதிரியை மூன்று பக்கமும் மேலிருந்து அடிக்கலாம் என்பது கணக்கு. அந்த மதில் கிழக்குப் பக்கம், அதாவது நகரத்துக்கு வெளிப்புறம். மேற்கே ஜோங்னோ சாலையிலிருந்து பார்த்தால் கல் வளைவும் அதன்மேல் இரண்டடுக்கு மண்டபமும் மட்டுமே தெரியும். கிழக்கு, தென்கிழக்குப் பக்கத்து ஹோட்டலில் ஏழெட்டு மாடிக்கு மேலே கேட்டால்தான் அரை வட்டம் கண்ணில் விழும்.

வாசல் ரூமுக்கு ஒரு விலையும் உண்டு. வாசல் பெரிய சாலைகளுக்கு நடுவே தீவுபோல நிற்கிறது, நாள் முழுக்க அதைச் சுற்றி வண்டி ஓடுகிறது. இரவெல்லாம் அதன்மேல் விளக்கு வேறு. தெற்குப் பக்க ஹோட்டலில் விடியற்காலை வரை லாரியில் மூட்டை ஏற்றும் சத்தம். பகலில் தூங்கப் போகிறவர் வாசல் காட்சியை விட்டுவிட்டு, உள்முற்றத்தைப் பார்த்த ரூமை, லிஃப்டிலிருந்து தள்ளி, கேளுங்கள். கூடவே 'தொந்தரவு செய்யாதே' அட்டையை மாட்டுவதோடு நிற்காமல், 'மதியம் 2 மணி வரை சுத்தம் செய்ய வரவேண்டாம்' என்று கவுன்டரில் சொல்லிவிடுங்கள். காலை உணவு சேர்ந்த கட்டணம் இரவு வியாபாரிக்கு வீண். அவர்கள் பரிமாறும் நேரத்தில் நீங்கள் ஆழ்ந்த தூக்கத்தில் இருப்பீர்கள்.

போய்ச் சேருவது

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா முன்கூட்டியே எடுக்க வேண்டும். இஞ்சோன் விமான நிலையத்திலிருந்து ஏரெக்ஸ் எக்ஸ்பிரஸ் ரயிலில் சியோல் ஸ்டேஷனுக்கு முதல் டெர்மினலிலிருந்து 43 நிமிடம், இரண்டாவதிலிருந்து 51 நிமிடம். அங்கிருந்து 1-ஆம் லைனிலும் 4-ஆம் லைனிலும் டோங்டேமுன் ஐந்தாவது நிறுத்தம். தெற்குப் பக்கம் ஹோட்டல் என்றால் 4-ஆம் லைனில் நான்காவது நிறுத்தத்திலேயே, அந்த நீளப் பெயர் நிலையத்தில், இறங்குங்கள். பெரிய பெட்டி இரண்டு இருந்தால் ரயில் வேண்டாம். ஏரெக்ஸ் நடைமேடை ஆழத்தில் இருக்கிறது, மெட்ரோவுக்கு மாறுவது நீண்ட நடை, கடைசியில் தெருவுக்கு ஏறும் வழிகள் பலவற்றில் படிக்கட்டு மட்டும்தான். விமான நிலைய லிமோசின் பஸ்ஸில் அடியில் பெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்து வரலாம். எந்த எண், எந்த நிறுத்தம் என்று ஹோட்டலிடம் முதல் நாளே கேட்டு வையுங்கள்.

வழி தேட நேவர் மேப் ஏற்றிக்கொள்ளுங்கள்; எந்த வழியில் லிஃப்ட் இருக்கிறது என்பதுவரை காட்டும். டி-மனி கார்டை ஏதாவது கன்வீனியன்ஸ் கடையில் வாங்கி ரொக்கம் போட்டு ஏற்றுங்கள். மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்கும் அதே கார்டு.

ரூமுக்குள்

சேரும் நேரம் பொதுவாக மாலை 3 மணி. முன்னால் வந்தால் பெட்டியை வாங்கி வைத்துக்கொள்வார்கள், ரூம் தரமாட்டார்கள். பாஸ்போர்ட்டும், முன்பணத்துக்குப் பிடித்து வைக்க ஒரு கார்டும் கேட்பார்கள். வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதியை பேங்க் ஆப்பில் ஊரிலேயே திறந்து வையுங்கள், ஓ.டி.பி. வராமல் கவுன்டரில் நிற்பது வழக்கமான காட்சி. டிப்ஸ் கொடுக்கும் பழக்கம் கொரியாவில் இல்லை.

கதவுக்குப் பக்கத்துச் செருகியில் கீ கார்டைப் போட்டால்தான் மின்சாரம். வெளியே போகும்போது எடுத்தால் சார்ஜில் போட்ட போனும் நின்றுவிடும். வேறு அட்டையைச் செருகும் நம்மூர்த் தந்திரம் பல இடங்களில் பலிக்காது, செருகி கார்டின் சிப்பைப் படிக்கிறது. இரண்டு கீ கார்டு கேட்டு வாங்குவதுதான் வழி. மின்சாரம் 220 வோல்ட், சாக்கெட் வட்டமாக உள்ளே குழிந்திருக்கும். நம் இரண்டு முள் சார்ஜர் ஏறும், ஆனால் அதன் முள் மெலிந்ததால் தொங்கும், தொட்டால் அணையும். லேப்டாப்பின் மூன்று முள் ஏறவே ஏறாது. தடித்த இரண்டு உருளை முள் உள்ள ஐரோப்பிய அடாப்டர் ஒன்றும், நம்மூர் எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றும் போதும்.

டூத்பிரஷ், பேஸ்ட், ரேசர் கொண்டுபோங்கள். 50 அல்லது அதற்கு மேல் ரூம் உள்ள விடுதிகள் தூக்கிப்போடும் பொருள்களை இலவசமாகத் தரக்கூடாது என்ற விதி 2024 மார்ச் 29 முதல் நடப்பில் உள்ளது. கேட்டால் விலைக்குத் தருவார்கள்.

மார்ச் கடைசியிலும் அக்டோபரிலும் வரும் தொல்லை ஏசி. பழைய கட்டடங்களில் ஒரே குழாய் வழியாக முழுக் கட்டடத்துக்கும் குளிரோ சூடோ ஏதாவது ஒன்றுதான் போகும். அவர்கள் சூட்டுக்கு மாற்றிய பிறகு உங்கள் ரூம் ரிமோட்டில் 18 வைத்தாலும் வெந்நீர்தான் ஓடிக்கொண்டிருக்கும். ரிமோட் கெட்டுவிட்டது என்று சண்டை போட்டுப் பயனில்லை, மின்விசிறி கேளுங்கள். குளிர்காலத்தில் காற்று வறண்டு தொண்டை கட்டும். ஈரத் துண்டைக் கட்டில் பக்கம் தொங்கவிடுங்கள். ரூமில் இன்டக்ஷன் அடுப்பு, ரைஸ் குக்கர் வைத்துச் சமைக்கக்கூடாது. தாளித்த புகைக்குப் புகை அலாரம் அலறும், சுத்தம் செய்யும் கட்டணமும் விழும்.

ஜன்னல் ஓரத்தில் சுவரில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அநேகம் பேர் அதைத் திறந்து பார்ப்பதில்லை. அது வான்காங்கி, தீ விபத்தில் ஜன்னல் வழியாக இறங்கும் கயிற்றுக் கருவி. மூன்றாவது மாடியிலிருந்து பத்தாவது மாடி வரை வைக்க வேண்டும் என்பது சட்டம். ரூமுக்குள் போனதும் இரண்டு நிமிடம் இதற்குச் செலவிடுங்கள். சுவரில் மடித்து வைத்த இரும்புக் கை எங்கே, அந்த ஜன்னல் ஆள் புகும் அளவு திறக்கிறதா, இரண்டையும் பாருங்கள். இறங்க வேண்டி வந்தால்: கொக்கியை இரும்புக் கையின் வளையத்தில் மாட்டி அதன் திருகை இறுக்க வேண்டும். கையை ஜன்னலுக்கு வெளியே திருப்பி, கீழே ஆள் இல்லை என்று பார்த்துக் கயிற்று உருளையை வெளியே போட வேண்டும். பெல்ட்டைத் தலைவழியாகப் போட்டு அக்குளுக்குக் கீழே, மார்பில் இறுக்க வேண்டும். பிறகு சுவரைப் பார்த்தபடி, சுவரில் உள்ளங்கையை லேசாக ஊன்றிக்கொண்டு இறங்க வேண்டும். வேகத்தைக் கருவி பார்த்துக்கொள்ளும். பயத்தில் கையை மேலே தூக்கிக் கயிற்றைப் பிடிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. கையைத் தூக்கினால் பெல்ட் தோள்வழியாகக் கழன்றுவிடும். 'கனி' என்ற முன்னொட்டோடு இருந்தால் அது ஒருமுறை மட்டும் உதவும் கருவி, இரண்டாவது ஆளுக்கு ஆகாது. 2024 ஆகஸ்ட்டில் பூச்சோன் நகரில் ஒரு ஹோட்டல் தீயில் 7 பேர் இறந்தார்கள். அந்தப் பழைய கட்டடத்து ரூம்களில், தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் பீய்ச்சும் ஸ்பிரிங்ளர் இல்லை. ஆறு மாடியோ அதற்கு மேலோ உள்ள புதிய கட்டடங்களில் எல்லா மாடியிலும் அது கட்டாயமானது 2018-இல்தான். கட்டடம் எந்த ஆண்டினது என்று கேட்பது வீண் கேள்வி அல்ல. தீயணைப்பும் ஆம்புலன்ஸும் 119, போலீஸ் 112, ஆங்கிலத்தில் பேச 24 மணி நேரச் சுற்றுலா உதவி எண் 1330.

பகல் மார்க்கெட்டில்

ஜோங்ஹாப் மார்க்கெட்டில் ஒவ்வொரு கடையும் ஒரு மேஜை, சுற்றிலும் தொங்கும் துணி அட்டைகள், அவ்வளவுதான். சரக்கு வேறு கிடங்கில் இருக்கும். அதனால் 'பிடித்தால் திரும்பி வருவோம்' என்று நகர்ந்தால் அந்தக் கடையை மறுபடி கண்டுபிடிக்க முடியாது. சந்துகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். கட்டட எழுத்து, மாடி, கடை எண் மூன்றையும் கடை அட்டையில் பார்த்து, வாங்கிய ஸ்வாட்ச் (மாதிரித் துணித் துண்டு) மேலேயே ஸ்டேப்ளர் அடித்து வையுங்கள். ஸ்டேப்ளர், மார்க்கர், ஜிப்லாக் பை, இஞ்சு டேப், நூலெண்ணிக் கண்ணாடி இந்த ஐந்தும் கையில் இருக்கட்டும்.

ஸ்வாட்ச் இலவசம். 'ஸ்வாச்சி' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள், விசிட்டிங் கார்டைக் கொடுத்துவிட்டுக் கேட்டால் இன்னும் முகம் மலரும். ஒவ்வொன்றுக்கும் எழுதிக்கொள்ள வேண்டியவை: விலை, அகலம், நூல் கலப்பு விகிதம், இருக்கும் நிறங்கள், ரெடி ஸ்டாக்கா அல்லது சாயம் போட்டுத் தர வேண்டுமா என்பது. விலை சொல்வது மீட்டருக்கு அல்ல, 'மா' கணக்கில். ஒரு மா என்பது ஒரு கெஜம், 91 சென்டிமீட்டர்; சிலர் 90 என்று அளப்பார்கள். 100 மா வாங்கிவிட்டு 100 மீட்டர் என்று கட்டிங் போட்டால் 9 மீட்டர் குறையும். ஸ்வாட்ச்சும் ரோலும் வேறு வேறு சாய லாட்டாக, அதாவது வேறு வேறு தடவை சாயம் போட்டதாக, இருக்கலாம். பெரிய ஆர்டர் என்றால் நடப்பு லாட்டிலிருந்து ஒரு மா வாங்கி, பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்து ஒத்துப் பாருங்கள். ஹோட்டல் மஞ்சள் விளக்கில் பார்த்த நிறத்தை நம்பவேண்டாம்.

எடைக் கணக்கு: 60 அங்குல அகலம், 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம்) துணி ஒரு மா ஏறக்குறைய 280 கிராம். 20 கிலோ பெட்டியில் 70 மா போட்டால் நிறைந்துவிட்டது. அதற்கு மேல் என்றால் கார்கோ.

மதிய நேரத்தில் சந்தில் நடுவே நிற்காதீர்கள். தட்டு மேல் தட்டாக அடுக்கிய சாப்பாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் கடைக்குக் கடை நடப்பார்கள், அவர்களுக்குத்தான் முதல் வழி.

இரவு மார்க்கெட்டில்

இங்கே சட்டம் வேறு. போட்டுப் பார்க்க இடமில்லை. போட்டோ எடுத்தால் கத்துவார்கள். டிசைன் திருடுகிறவன் என்றுதான் பொருள். ஒரே ஒரு பீஸ் கேட்டால் கையை அசைத்து அனுப்பிவிடுவார்கள். சாம்பிள் தரும் கடையும் உண்டு, விலை கூடுதல், திருப்பி எடுக்கமாட்டார்கள். ரொக்கம்தான் ராஜா. தோளில் பெரிய பையோடு, விலையை முதல் கேள்வியாகக் கேட்டு, தயங்காமல் அடுத்த கடைக்கு நகர்கிறவரை வியாபாரி என்று மதிப்பார்கள்.

சில சொற்கள் தெரிந்தால் வேலை நடக்கும். 'சாயிப்' என்றால் கொள்முதல். நிறத்துக்கு 'க்கல்'. கையால் எழுதிக் கொடுக்கும் சீட்டு 'ஜாங்க்கி'. ஊருக்குச் சரக்கு அனுப்பும்போது விலைக்கு ஆதாரம் அதுதான், ஒன்றைக்கூடத் தொலைக்காதீர்கள். 'மிசோங்' என்ற சொல்தான் எச்சரிக்கை மணி: பணம் வாங்கிக்கொண்டு, சரக்கு தீர்ந்ததால் பிறகு தருகிறோம் என்பது. உள்ளூர்க்காரருக்கு அது அன்றாடம், நாளை மறுநாள் விமானம் ஏறுகிறவருக்குப் போன பணம். கடைசி இரண்டு இரவுகளில் மிசோங் ஒப்புக்கொள்ளவே வேண்டாம்.

வாங்கிய பைகளைத் தூக்கிச் சுற்ற வேண்டியதில்லை. கடை கடையாகப் போய்ச் சரக்கைச் சேர்த்து, எண்ணிக்கை பார்த்து, கட்டி அனுப்பும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு 'சாயிப் சம்சோன்' என்று பெயர். சம்சோன் என்றால் சித்தப்பா. மார்க்கெட் முழுக்க அவர்களைச் சித்தப்பா என்றே கூப்பிடுகிறார்கள். வயது முப்பது ஆனாலும் சித்தப்பாதான். முதல்முறை போகிறவர்கள் ஹோட்டல் மூலமோ, சரக்கு அனுப்பும் கார்கோ ஏஜென்ட் மூலமோ ஒருவரைப் பிடித்துக்கொள்ளலாம்.

சாப்பாடு

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் காய்கறிப் பெயர் கொண்ட கொரியச் சாப்பாட்டிலும் மீன் இருக்கும். கிம்ச்சியிலேயே உப்புக்கண்ட இறாலும் மீன் சாறும் சேர்ப்பது வழக்கம். கறி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் சாறு நிற்காது, இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். மனநிம்மதிக்கு டோங்டேமுன் நிலையத்தின் 3-ஆம் எண் வழிப் பக்கம் சாங்சின்-டோங்கில் நேபாளிக் கடைகள் இருக்கின்றன, பருப்பும் சோறும் கிடைக்கும். ஹலால் வேண்டுகிறவர்களுக்குக் குவாங்ஹி-டோங்கின் மத்திய ஆசியத் தெருவில் உஸ்பெக் கடைகள். மேற்கே ஒரு மெட்ரோ நிறுத்தத் தூரத்தில் குவாங்ஜாங் மார்க்கெட். அங்கே பாசிப்பயற்றைக் கல்லில் அரைத்து எண்ணெயில் தடிமனாகச் சுடும் பிந்தேத்தோக் நம் அடைக்குத் தம்பி. ஆனால் மாவில் கிம்ச்சி கலந்திருக்கும், கறி போட்டதும் தனியாக உண்டு. சியோல் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம்.

வாசலுக்கு ஒரு மணி நேரம்

இத்தனை நாள் பக்கத்திலேயே தங்கிவிட்டு வாசலைப் பார்க்காமல் திரும்புகிறவர்கள்தான் அதிகம். முதலில் கட்டியது 1396-ஐ ஒட்டி. இப்போது நிற்பது 1869-இல் மறுபடி எழுப்பியது. மற்ற பெரிய வாசல்களின் பெயர் சீன எழுத்தில் மூன்று எழுத்து, இதற்கு மட்டும் நான்கு. நகரின் கிழக்குப் பக்கக் குன்றான நாக்சான் 124 மீட்டர்தான், தாழ்வான திசைக்கு வலுவூட்ட ஓர் எழுத்தைக் கூட்டினார்கள் என்பது அவர்களுடைய மனையடி சாஸ்திரம் சொல்லும் காரணம். உள்ளே ஏறவிடமாட்டார்கள். நல்ல காட்சி வேண்டுமானால் சாலையைக் கடந்து வடக்கே ஹங்இன்ஜிமுன் பூங்கா மேட்டில், விளக்கு போடும் நேரத்தில் நில்லுங்கள்.

அந்தப் பூங்காவை ஒட்டிய மதிலின் கற்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். சில கற்களில் எழுத்து வெட்டியிருக்கும். இந்தப் பகுதியைக் கட்டிய மேற்பார்வையாளர் யார், கல் தச்சன் யார் என்ற விவரம். இடிந்தால் யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டும் அல்லவா? துணி ரோலில் லாட் நம்பர் ஒட்டுவதும் இதற்காகத்தான். கல்லின் அளவே காலத்தைச் சொல்லும். ஒழுங்கில்லாமல் அடுக்கிய காட்டுக்கல் 1396-ஐச் சேர்ந்தது, மக்காச்சோள மணிபோல முனை மழுங்கியது 1422, ஒரு முழம் அளவுச் சதுரக் கல் 1700-களின் தொடக்கம், அதைவிடப் பெரிய இரண்டடிச் சதுரம் 1800-களின் தொடக்கம். பக்கத்திலேயே நகர மதில் அருங்காட்சியகம், திங்கள் விடுமுறை.

மதிலோடு நாக்சான் வழியாக ஹேஹ்வாமுன் என்ற அடுத்த வாசல் வரை 2.1 கிலோமீட்டர், மெதுவாக நடந்தால் ஒரு மணி நேரம். டோங்டேமுன் பக்கமிருந்து தொடங்கினால் ஏற்றம். இரவெல்லாம் மார்க்கெட்டில் நின்ற கால் வலித்தால் ஜோங்னோ 03 என்ற குட்டி பஸ்ஸில் நாக்சான் பூங்கா வரை போய் இறங்கி, மதிலைப் பிடித்தபடியே வாசலுக்கு இறங்கி வரலாம். ஹோட்டல் விளக்கு வழி முழுக்கத் தெரிந்துகொண்டே இருக்கும்.